மேட்டியஸ் வீட்டு ஆள்

ஒப்பியஸ் முப்பது வருஷமாகப் பொழுது விடிவதைப் படுக்கையிலிருந்து பார்த்ததில்லை. கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து, நாலு மாடி இறங்கி, மேடேறி, மேட்டியஸ் பிரபுவின் வாசலில் போய் நிற்க வேண்டும். பிழைப்பு என்று பார்த்தால், கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதுதான். இது அதற்கு மேலே ஏற்றிய சுமை. ஆனால் என்ன செய்வது? ரோமாபுரியில் பின்னால் ஒரு பெரிய மனிதர் இல்லாதவனை நாய்கூட மதிக்காது. காலையில் போய் வணக்கம் சொன்னால் ஒரு கூடை ரொட்டியும் நேற்றைய மீதிப் பன்றிக்கறியும் கிடைக்கும். வம்பு வழக்கு என்று வந்தால் பெரியவர் வந்து பக்கத்தில் நிற்பார். அந்த ஒரு நாளை நம்பித்தான் மனுஷன் இத்தனை வருஷமாக முழங்காலைத் தேய்த்தார்.

அந்த நாள் வந்தேவிட்டது. அவருடைய மகன் நூமெரியஸ், ருஸ்டியஸ் என்ற எண்ணெய் வியாபாரியின் கிடங்கில் ஜாடி சுமந்தவன். சில ஜாடிகள் காணாமல் போக, பழி அவன் தலையில் விழுந்தது. திருடன் என்று தீர்ப்பானால் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவனை அந்த ருஸ்டியஸே இழுத்துப்போய் அடிமைபோல வேலை வாங்குவான். ஒரே பிள்ளை.

விசாரணை நாளன்று விடியும் முன்பே மனைவி வீபியா பிடித்துக்கொண்டாள். "அழுக்குத் துணியைக் கட்டுங்கன்னா கேக்கிறீங்களா? வழக்குல மாட்டினவனோட அப்பன் இப்படியா வெள்ளை வெளேர்னு வருவான்? நீதிபதிக்கு இரக்கம் வரவேணாமா?"

"அழுக்கா போனா மேட்டியஸ் வீட்டு வாசல்லயே தொரத்திடுவாங்கடி. நீ பையனோட முன்னாடி போ. நான் அவரைக் கையோட கூட்டிட்டு வர்றேன்."

"வந்தாத்தான் உண்டு."

"வருவாரு. நேத்து அவர் வாயாலயே சொன்னாரு."

சொன்னது உண்மைதான். அன்று காலையும் வாசலில் வணக்கம் சொல்ல வந்த கூட்டத்தில் முண்டியடித்துப் போய் ஞாபகப்படுத்தினார். மேட்டியஸ் கொட்டாவி விட்டுக்கொண்டே, "மன்றத்துக்குத்தானே? அங்கதான்யா கிளம்புறேன்" என்றார். ஒப்பியஸுக்கு உயிர் வந்தது. டோகா என்ற கனத்த வெள்ளைக் கம்பளி மேலாடையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, பல்லக்குக்கு முன்னால் வழிவிலக்கிக்கொண்டே நடந்தார். கால் வலி அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

மன்றத்தில் மேட்டியஸ் இறங்கினார். நேராகப் போய் ருஸ்டியஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட வந்த கூட்டமும் அவர் பின்னாலேயே போய் நின்றது. ஒப்பியஸும் நின்றார்.

அவர் பதறிப்போய்ப் பிரபுவின் காரியக்காரனின் கையைப் பிடித்தார். "ஐயா, பெரியவரு பக்கம் மாறி உக்காந்துட்டாரு. கொஞ்சம் சொல்லுங்களேன்."

"மாறலைய்யா. எண்ணெய்க்காரனும் நம்ம வீட்டு ஆளுதான். உனக்கு முன்னாடியே வந்து கேட்டுட்டான்."

"அப்ப நான் யாரு?"

"நீயும் நம்ம வீட்டு ஆளுதான். சும்மா நில்லு, பெரியவரு பேசப்போறாரு."

எதிர் பெஞ்சில் நூமெரியஸ் தாடியும் மீசையுமாக, புழுதிபடிந்த துணியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தலைவிரிகோலமாக வீபியா. அவர்கள் பக்கம் நிற்க நாதியில்லை. ஒப்பியஸ் போயிருக்கலாம். போகாமல் ஏன் நின்றார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மேட்டியஸ் எழுந்திருக்கும்போது அவருடைய ஆள் யாரும் அசையக் கூடாது. அது உடம்பில் ஊறிய பழக்கம்.

மேட்டியஸ் பேசினார். படுபாவி, எவ்வளவு அழகாகப் பேசினார்! உப்பிட்ட வீட்டையே கொள்ளையடித்தவன் என்றார். இவனை விட்டால் நாளைக்கு எந்தக் கிடங்கைப் பூட்டி என்ன பயன் என்றார். ஒரு மூச்சு நிறுத்தினார். காரியக்காரன் விரலை உயர்த்தினான். கூட்டம் கைதட்டியது.

ஒப்பியஸும் தட்டினார்.

இரண்டு மூன்று தட்டு தட்டிய பிறகுதான் அவருக்குச் சத்தம் கேட்டது. எதிரே பார்த்தார். நூமெரியஸ் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் பூமி பிளந்து விழுங்கியிருந்தால் மகராசனாகப் போயிருப்பார்.

பிறகு நடந்தார். மன்றத்தின் நடுவில், எல்லாரும் பார்க்க, வெள்ளை டோகாவோடு அந்தப் பக்கம் நடந்தார். காரியக்காரன் பின்னாலிருந்து, "எங்கய்யா போறே, நில்லு!" என்றான். அவர் திரும்பவில்லை.

"நீயுமாப்பா தட்டினே?" என்றான் நூமெரியஸ்.

"தட்டிட்டேன்டா."

வீபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகன் நகர்ந்து இடம் விட்டான். ஒப்பியஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்ப்பு எப்படி வரும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. எதிர்ப்பக்கத்தில் மறுபடியும் கைதட்டல் எழுந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.