வெறும் தட்டு

என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பேருந்து நடத்துநர். சின்னவன் சிங்கம். வாய்க்கொழுப்பில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிடரிமயிரும் வாலும் உள்ள நிஜச் சிங்கம்தான். பெரியவன் கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறான். சின்னவன் இருந்தது டைல்ஸ் கடை முதலாளி வீட்டுக்குப் பின்னால், இரும்புக் கூண்டில்.

அக்கா அந்த வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனவள். ஒரு நாள் முதலாளி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்து, "அக்கா, இதுக்குப் பால் குடுங்க" என்றார். திறந்து பார்த்தால் கண்கூடச் சரியாகத் திறக்காத சிங்கக்குட்டி. எங்கிருந்தோ கடல் தாண்டி வாங்கியது. கடைக்கு வருகிறவர்கள் அதோடு படம் எடுத்துக்கொண்டால் வியாபாரம் கூடும் என்பது அவர் கணக்கு. அது கத்தினால் யார் எழுந்து பால் கொடுப்பது, வயிற்றுப்போக்கு வந்தால் யார் துடைப்பது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. அதற்குத்தான் அக்கா இருந்தாளே.

அவர் அவளை வாய்க்கு வாய் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூடப் பிறந்த நான்கூட அத்தனை முறை கூப்பிட்டிருக்க மாட்டேன். "தேனைத் தடவிட்டுத்தான் வாயைத் திறப்பாரா அந்த ஆளு?" என்று நான் கேட்டால், "உனக்கு யாரையுமே பிடிக்காது" என்பாள். அது உண்மைதான். நான் தையல்காரி. கடைக்குள் வரும்போதே யார் துணிக்குக் காசு கொடுப்பார்கள், யார் சாக்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அக்கா அப்படியில்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள்.

குட்டி வளர்ந்து கூண்டுக்குப் போனதும் அக்கா ஒரு பழக்கம் வைத்தாள். அலுமினியத் தட்டில் கறியை வைத்து, அதன் விளிம்பைக் கரண்டியால் தட்டுவாள். எந்த மூலையில் படுத்திருந்தாலும் சின்னவன் எழுந்து வந்துவிடுவான். கூண்டைக் கழுவுவதற்கு, மருந்து போடுவதற்கு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றுவதற்கு, எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம்தான். ஆனால் வெறும் தட்டைத் தட்டக் கூடாது. ஒரு எலும்புத் துண்டாவது அதில் இருக்க வேண்டும். ஒரு முறை கடை மேனேஜர் விளையாட்டுக்கு வெறும் தட்டைத் தட்டிச் சின்னவனை எழுப்பிவிட்டார். அக்கா கரண்டியைப் பிடுங்கி, "வாயில்லாத ஜீவன்கிட்ட பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?" என்று கத்தினாளாம். அவள் கத்தினாள் என்று கேள்விப்பட்டு நானே இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அப்புறம் சட்டம் வந்தது. அதாவது வரப் பார்த்தது. பக்கத்து நகரத்தில் ஒரு வீட்டில் வளர்த்த சிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பேப்பர் போடுகிறவரை அடித்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை. ஆபத்தான வெளிநாட்டு விலங்குகளைத் தனியார் யாரும் வைத்திருக்கக் கூடாது, இருப்பதை அரசாங்கக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மசோதா தயாரானது. அது முடிவாகும் வரை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஊர் மண்டபத்தில் மக்கள் கருத்தைக் கேட்கப்போவதாகச் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு முன்பு ஒரு பெண் அதிகாரி அக்கா வீட்டுக்கே வந்தார். "காப்பகத்துல இடம் பெருசும்மா. மரம் இருக்கு, குளம் இருக்கு. நீங்க வந்து பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம் சரி. தட்டு வைக்கலாமா?"

"அதுக்கு அங்க ஆள் இருக்காங்கம்மா."

அத்தோடு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் சொல்லிப் பார்த்தேன். "கூண்டுத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சுன்னு நீதானே சொன்னே? நாளைக்கு அவன் வெளிய வந்து யாரையாவது அடிச்சா, அவனையும்தான் சுட்டுருவாங்க." செவிடன் காதில் ஊதிய சங்கு.

அடுத்து முதலாளி வந்தார். எங்கள் சந்துக்குள் அவர் கார் நுழையாது, நடந்தே வந்தார். "என்கிட்டருந்து இல்லக்கா, உங்ககிட்டருந்துதான் அவனைப் பிரிக்கப் பாக்குறாங்க. நீங்க பேசினா ஊர் கேக்கும்."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவனை எங்கயும் அனுப்ப மாட்டீங்கல்ல?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம். உங்க கை ஓடுற வரைக்கும் நீங்கதான் அவனுக்குத் தட்டு வைப்பீங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு நினைவு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சிங்கம் அடித்து இறந்தவரின் மனைவி மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா மைக் முன்னால் நின்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும் தழும்பைக் காட்டினாள். "இது அவன் கீறினதுதான். பெத்த பிள்ளை நகம் படாத தாய் யாரு? அவனுக்குக் காடும் தெரியாது, கூட்டமும் தெரியாது. என் தட்டுச் சத்தம்தான் தெரியும். அதையும் பிடுங்கிட்டா செத்துருவான்." மண்டபமே கைதட்டியது. இறந்தவரின் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். மசோதாவைத் தள்ளி வைத்தார்கள். வாங்க, விற்க இருந்த தடையும் அத்தோடு போனது. முதலாளி இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்பினார்.

இனிப்பு தீர்வதற்குள் லாரி வந்தது. தோட்டத்து வீட்டில் புதுக் கூண்டு, இதைவிடப் பெரிசு என்றார் முதலாளி. லாரியில் இருந்த கூண்டுக்குள் சின்னவன் போக மாட்டேன் என்றான். வந்த ஆட்கள் கம்பியால் குத்தினார்கள், தண்ணீரைப் பீய்ச்சினார்கள். அவன் மூலையை விட்டு அசையவில்லை.

"அக்கா, நீங்க தட்டுங்க. வந்துருவான்."

"ஒரு துண்டு கறி எடுத்துட்டு வரேன்."

"வயித்துல எதுவும் இருக்கக் கூடாதுக்கா. லாரி ஆட்டத்துல வாந்தி எடுத்து மூச்சடைச்சுக்கும். இந்த ஒரு தடவை மட்டும்."

அக்கா லாரிக் கூண்டின் மறுபக்கம், கம்பிக்கு வெளியே நின்று, வெறும் தட்டைத் தட்டினாள். சின்னவன் எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தான். பின்னால் கதவு விழுந்தது.

மாற்றுத்துணி எடுத்து வைத்திருந்த பையோடு அவள் லாரியில் ஏறப் போனாள். ஓட்டுநர் தடுத்தார். "நீங்க எங்கம்மா ஏறுறீங்க?"

"தோட்டத்து வீட்டுக்குத்தான்."

"தோட்டமா? நாங்க துறைமுகத்துக்குப் போறோம். இதை வித்தாச்சும்மா, கப்பல் ஏத்தணும்."

அக்கா முதலாளியிடம் ஓடினாள். அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "சட்டம் வந்திருந்தா இவனைச் சும்மா தூக்கிக் குடுத்திருக்கணும். நீங்க பேசினதாலதான்க்கா விக்க முடிஞ்சது. உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, நன்றியாகச் சொன்னார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. எந்த நாட்டுக்கு என்று அக்கா கேட்டதற்கு, "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்று உள்ளே போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. கடைக்குள் போய், வாங்க வந்தவர்கள் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டு, "அந்தம்மாவோட தங்கச்சி வந்திருக்கு, வெளிய அனுப்பு" என்றார். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பார்கள். காரியம் ஆனதும் அக்கா அந்தம்மா ஆகிவிட்டாள்.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். முதலாளியை ஒரு வார்த்தை திட்டவில்லை. துணிக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உள்ள வந்ததும் மூஞ்சியைக் கம்பியோட ஒட்டினாண்டி. தட்டைப் பிடிச்சுக் காட்டினேன். ஒண்ணுமே இல்ல. ஆனாலும் நக்கினான்." நான் தையல் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

மசோதா மறுபடி வந்தது. அதே மண்டபம். முதலாளி இந்த முறை ஒரு புதுக் குட்டியைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் பால் புட்டியோடு ஒரு இளம்பெண். "நீங்க சொல்லும்மா" என்று அவளிடம் தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும், "எப்படி இருக்கீங்கக்கா?" என்றார்.

"நான் யாருக்கும் அக்கா இல்ல. எனக்கு ஒரு தங்கச்சிதான்" என்றாள் அக்கா. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

கூட்டத்தலைவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "போன தடவை இதை எதிர்த்தீங்களே. இப்ப என்னம்மா மாறிப்போச்சு?"

"ஒண்ணும் மாறல. சிங்கம் அடிக்கும்னு அப்பவும் தெரியும், இப்பவும் தெரியும்." அக்கா அந்தப் பெண்ணின் கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். "நான் கூப்பிட்டேன்னுதான் என் பிள்ளை லாரி ஏறினான். இந்தக் குட்டியும் இந்தப் பொண்ணு கூப்பிட்டா ஏறும். இனிமே எந்தக் குட்டியும் என்னை மாதிரி ஒருத்திய நம்பி வளரக் கூடாது. அதுக்காவது சட்டத்தைப் போடுங்க."

யாரும் கைதட்டவில்லை. இறந்தவரின் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா போய் அங்கே உட்கார்ந்தாள்.