ஏறி நின்ற வலது தோள்

என் அண்ணி தையல்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலைப் பார்த்தபடி இரண்டு மிஷின் போட்டிருக்கிறாள். ஒரு சட்டை சரியாக உட்காரவில்லை என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் தனக்கென்று தைத்த ஒரு சட்டையை மூன்று தடவை பிரித்தாள். ஒவ்வொரு தடவையும் வலது தோள்பக்கம் சுருங்கி நின்றது. வெட்டினதில் தப்பில்லை, தைத்ததிலும் தப்பில்லை. கடைசியில் டேப்பை என் கையில் கொடுத்து, "என்னை அள" என்றாள்.

காது மடலிலிருந்து தோள் முனை வரை அளந்தேன். இடது பக்கத்தைவிட வலது பக்கம் முக்கால் அங்குலம் குறைவு. நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொல்லி, கண்ணாடி முன் நின்று தானே அளந்து பார்த்தாள். அதே முக்கால் அங்குலம். பழைய அளவு நோட்டில் இரண்டு தோளும் சமமாகத்தான் இருந்தன.

"இது எப்ப ஏறிச்சு?" என்று கேட்டாள். பயந்த மாதிரி இல்லை. காணாமல் போன ஊசியைத் தேடுகிற முகம்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த பிசியோதெரபிப் பெண்தான், அண்ணி கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னபோது ஒன்றைக் கவனித்தாள். "கை தூக்கும்போது மூச்சை ஏன் நிறுத்துறீங்க?" என்று கேட்டாள். அண்ணிக்கே அது தெரியாது. மறுபடி தூக்கிப் பார்த்தாள். மூச்சு நின்றது.

ஏதாவது விபத்து நடந்ததா என்று அந்தப் பெண் விசாரித்தபோதுதான் பஸ் விஷயம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழையில் பஸ் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. உட்கார இடமில்லாமல் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் மேல்கம்பி, இடது கையில் ஆறு வயது மகள். அண்ணிக்கு ஒரு கீறல் கூட இல்லை. குழந்தைக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். பெரிய கண்டம் தப்பியது என்று எல்லோரும் சொன்னோம். அன்று சாயங்காலமே அண்ணி மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறவே இல்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்பாள். நாங்களும் நம்பிவிட்டோம்.

பிசியோதெரபிப் பெண் அவளை மாடியில் இருந்த இன்னொரு அம்மாவிடம் அனுப்பினாள். அதிர்ச்சியிலிருந்து மீளாத உடம்புகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றுகிறவர். துணைக்கு நான் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வார்கள் என்று அண்ணி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாவோ, "அதை அப்புறம் சொல்லலாம். இப்ப உங்க பாதம் தரையில எங்கெங்க படுதுன்னு மட்டும் பாருங்க" என்றார்.

அண்ணி பார்த்தாள். வலது குதிகால் தரையைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குப் 'பாதம் டீச்சர்' என்று பேர் வைத்தாள். கிண்டல் செய்தாலும் ஒரு வாரம் கூடத் தவறவிடவில்லை. துணி வெட்டும்போது தாடை இறுகுவதை, கதவு அறைந்தால் வயிறு சுருங்குவதை, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வந்து எங்களிடம் சொல்வாள். "அவளுக்குள்ள யாரோ குடியிருக்கிற மாதிரி பேசுறா" என்று அண்ணன் முணுமுணுத்தான்.

ஐந்தாவது வாரம், சுவரில் பொருத்திய ஒரு கம்பியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மா. பிடிக்கணும், விடணும், தரையில் கால் ஊன்றணும், மறுபடி பிடிக்கணும். மூன்றாம் முறை அண்ணியின் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு தோள், பிறகு தொடை. வலிப்போ என்று நான் எழுந்துவிட்டேன்.

"அன்னைக்கு நடுங்க உடம்புக்கு நேரம் கிடைச்சிருக்காது" என்றார் அந்த அம்மா. "இப்ப நடுங்கட்டும். போதும்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

அண்ணி போதும் என்று சொல்லவில்லை. தன் கையையே வியப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் தானாக அடங்கியது. அப்புறம் கொட்டாவி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கம்பியை விட்டிருந்தா ரெண்டு கையாலயும் புள்ளயப் பிடிச்சிருக்கலாம். நான் என்னைத்தான் காப்பாத்திக்கிட்டேன்."

இரண்டு வருஷமாக இதை அவள் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. கம்பியை விட்டிருந்தால் இரண்டு பேருமே விழுந்திருப்பீர்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அந்த அம்மா வேண்டாமென்று சைகை காட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி மகளைக் கூப்பிட்டு, அந்தப் பஸ்ஸில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாள். படம் வரைந்துகொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீ இறுக்கின இறுக்குல எனக்கு மூச்சே முட்டிச்சும்மா."

அண்ணி சிரித்தாள், அழுதாள், மகள் பயந்துபோய் பென்சிலைக் கீழே வைத்தாள்.

தோள் முழுதாக இறங்கிவிடவில்லை. கதவு அறைந்தால் இன்னும் திடுக்கிடுகிறாள். ஆனால் போன மாதம், மூன்று நிறுத்தம் போய்வரலாம் என்று அவளே சொன்னாள். ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பியதும் நேர்முக வர்ணனை ஆரம்பித்தது. "நெஞ்சு படபடங்குது... உள்ளங்கை வேர்க்குது... இப்ப விடுது, பாரு, விடுது." முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதில் மூழ்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டோம்.