பெரிய வியாழன் ரொட்டி

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் பெரிய வியாழன் அன்று எல்லா வீடுகளிலும் அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து அப்பம் அவிப்பார்கள். பெசஹா அப்பம் என்று பெயர். எங்கள் வீட்டில் மட்டும் ரொட்டி. என் மனைவியின் தாத்தா கோட்டைக் கொச்சியில் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்தவர். அவருக்குச் சுடத்தான் தெரியும், அவிக்கத் தெரியாது என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கேலி உண்டு. அவர் செய்த விதத்திலேயே இன்றும் செய்கிறார்கள். மைதா, கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு, நெய். மாவு பொங்குவதற்குத் தென்னங்கள்ளு.

பெசஹா அப்பம் புளிக்கக் கூடாது என்பதுதான் முறை. எங்களுடையது நன்றாகப் புளிக்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி வருஷம் தவறாமல் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொல்வாள், "கள்ளு ஊத்தின பெசஹா! கர்த்தாவு இந்த வீட்டுக்கு மட்டும் வந்தா ஆடிக்கிட்டுத்தான் திரும்பிப் போவாரு, கேட்டோ." சொல்லிவிட்டு, ஒரு துண்டு தனக்கு எடுத்து வைக்கச் சொல்வாள்.

நான் குமரிக் கடற்கரையைச் சேர்ந்தவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கடல் ஒத்துவராமல் இங்கே வந்து சுக்கு குடோனில் சாக்குத் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊரிலும் பெரிய வியாழன் உண்டு, ஆனால் வீட்டில் அப்பம் பிட்டுப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, வீட்டுக்காரன் ஜெபம் சொல்லி அப்பத்தைப் பிட்டு, வயதில் பெரியவரிலிருந்து சிறியவர் வரை கொடுக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு அது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற சோதனை.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் அப்பம் செய்ய மாட்டார்கள். அக்கம்பக்கத்தவர்கள் செய்து கொண்டுவந்து தருவார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எந்த வீட்டில் சாவு என்று சந்துக்கே தெரியும் அல்லவா. கேட்க வேண்டிய அவசியமே வராது.

எங்கள் வீட்டில் வந்தது.

எங்களுக்கு ஒரே மகன். தோப்பும்படி துறைமுகத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் மீன்பிடி போட்டுகள் நிற்கும். அவர்களோடு ஆழ்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். மழைக்காலம் முடிந்து கடலுக்குப் போனபோது காற்றில் போட்டு கவிழ்ந்தது. காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களை வேறொரு போட்டுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். என் மகனும் போட்டில் சமையல் செய்த ஆளும் கிடைக்கவில்லை. தேடப் போன படகுகள் திரும்பி வந்தன. பிறகு தேடப் போகவில்லை. உடல் எதுவும் எங்கும் ஒதுங்கவில்லை.

கொஞ்ச நாள் துறைமுகத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு குடோனுக்குப் போனேன், திரும்பும்போது துறைமுகம் வழியாக வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று இல்லை, வரவில்லை. கோணி ஊசி கட்டைவிரலில் ஏறியதை, சாக்கில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன். யாராவது பேசினால் பதில் சொன்னேன்.

ஆத்மாவுக்குப் பூசை எப்போது என்று பாதிரியார் ஒரு முறை மெதுவாகக் கேட்டார். என் மனைவி நாள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் அவன் படத்துக்கு மாலை போடவில்லை. அவனுடைய போன் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. ஆனால் அந்த நம்பருக்கு அவள் மாதாமாதம் ரீசார்ஜ் போட்டு வந்தாள். எங்காவது ஒரு கரையில் அவன் ஏறியிருப்பான் என்று அவள் நம்புகிறாள் போலும் என்று விட்டுவிட்டேன். அதைக் கலைக்க நான் யார்?

பெரிய வாரம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது சேச்சி தன் வாசலில் நின்றிருந்தாள்.

"சேட்டா, ஒரு காரியம். நாளைக்கு நான் உழுந்து கொஞ்சம் கூடுதல் ஊறப் போடட்டா?"

"கூடுதலா?"

"ஒரு பாத்திரத்துக்கு. நீங்க சுடுறீங்கன்னா வேண்டா. சும்மா கேட்டேன்."

உள்ளேயிருந்து அவள் புருஷன் குரல் வந்தது. "உனக்கு வேற ஆளு கிடைக்கலயா? போடுறதுன்னா போடு, இல்லாட்டி போடாத. அந்த மனுஷனப் போயி நிறுத்தி வச்சுக் கேட்டுக்கிட்டு!"

"பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம்னு சொன்னா உழுந்து ஊறுமா சேட்டா?" என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டது உளுந்தைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் ரொட்டி சுட்டால் அவன் இருக்கிறான். அவர்கள் அப்பத்தை வாங்கிக்கொண்டால் இல்லை. இரண்டில் ஒன்றை நாளைக்குள் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் மனைவி மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேச்சி பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் குடோன் லீவு. மற்ற வருஷங்களில் காலையிலேயே குப்பியைக் கையில் கொடுத்துக் கள்ளுக்கடைக்கு அனுப்புவாள். நான் குடிக்காதவன். கடைக்குள் நுழைந்ததும் ஒரே சிரிப்பாக இருக்கும். "அண்ணாச்சி வந்துட்டாரு! கப்பையும் மீன்கறியும் எடுத்து வை!" என்று யாராவது கத்துவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். இந்த வருஷம் அவள் குப்பியைத் தரவில்லை. நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டு போனேன். போக வேண்டும் என்று முடிவு செய்து போகவில்லை. அந்த நாளில் அந்த நேரத்தில் செய்கிற வேலை அது.

கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர் எனக்கு வழி விட்டுக் காலை மடக்கிக்கொண்டார். கடைக்காரர் குப்பியின் கழுத்துவரை ஊற்றி, மூடி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்தார். "பார்த்துப் போங்க அண்ணாச்சி" என்றார். அந்தக் கடையைப் பொறுத்தவரை என் மகன் செத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

குப்பியை அடுக்களைத் திண்டில் வைத்தேன். மனைவி பார்த்தாள்.

"யாரு சொல்லி வாங்கினீங்க?"

"யாரும் சொல்லல."

அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். தீ மூட்டுவதுதான் எப்போதும் என் வேலை, மாவு அவளுடையது. அவள் செய்வதைப் பார்த்திருந்ததை வைத்து நானே மைதாவைச் சலித்தேன், தேங்காய் துருவிப் பால் பிழிந்தேன். கள்ளை ஊற்றியதும் மாவு குழைந்து கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "கள்ள ஒரே வீச்சில ஊத்தக் கூடாது. கொஞ்சம் மைதா தூவுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கையை வைக்கவில்லை. தூவிப் பிசைந்து, நெய் தடவிய தகரப் பாத்திரத்தில் போட்டு, ஈரத்துணியால் மூடினேன். மத்தியானத்துக்குள் துணியைத் தூக்கிக்கொண்டு மாவு மேலே வந்திருந்தது.

எங்களிடம் ரொட்டி அடுப்பு இல்லை. பின்பக்கம் மூன்று கல் கூட்டி, கனத்த அலுமினியப் பானையில் மணல் பரப்பிச் சூடாக்கி, மாவுத் தகரத்தை உள்ளே இறக்கி, இரும்பு மூடி போட்டு, அதன்மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் அள்ளிவைப்பேன். கீழேயும் தீ, மேலேயும் தீ. புகை மதிலைத் தாண்டியதும் சேச்சியின் தலை தெரிந்தது.

"ஆ, சுடுறீங்களா!" அவள் முகத்தில் சந்தோஷமா பயமா என்று சொல்ல முடியவில்லை. "அப்போ நான் கொண்டுவர வேண்டா, அல்லே?"

எனக்குப் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள். "கொண்டு வா சேச்சி. நான் சொன்னது சொன்னதுதான்."

நான் திரும்பிப் பார்த்தேன். சேச்சி மதிலைப் பிடித்துக்கொண்டு, "அவ குருத்தோலை ஞாயிறாழ்ச்சயே வந்து சொல்லிட்டா சேட்டா. உங்களுக்குச் சம்மதமான்னு தெரியாம எனக்குக் கை ஓடல. அதான் நேத்து கேட்டேன்" என்றாள். பிறகு, "அடுப்புல பாலு வச்சிருக்கேன்" என்று இறங்கிவிட்டாள்.

மனைவி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இருவரும் கனலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீ ரீசார்ஜ் போடுறியே" என்றேன்.

"போடாட்டி அந்த நம்பர வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம். எப்பவாவது கை தவறி நான் கூப்பிட்டு, வேற ஒருத்தன் எடுத்து ஹலோன்னு சொன்னா?" பிறகு, "அவன் வருவான்னு நீங்கதான் நம்பிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். நேரா வீட்டுக்கு வர்ற வழிய விட்டுட்டு தினம் தோப்பும்படி சுத்திக்கிட்டு வர்றீங்களே" என்றாள்.

"வழி பழகிப் போச்சு."

உண்மையும் அதுதான். துறைமுகத்துக்குப் போய் நின்றபோது நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை. போட்டுகளைப் பார்த்தேன், ஐஸ் உடைப்பதைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்தேன்.

மூடியைத் திறந்தபோது ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்திருந்தது. கனலை நான் சரியாகப் பரப்பவில்லை. வாசனை மட்டும் ஒவ்வொரு வருஷமும் வருகிற அதே வாசனை. அவள் தகரத்தைத் துணியால் பிடித்துக் கவிழ்த்தாள்.

"இத என்ன செய்றது?" என்றேன்.

"குருத்தோலைச் சிலுவை வைக்கலைன்னா வெறும் ரொட்டிதான. இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தந்த ஓலை மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சாயங்காலம் கோவிலிலிருந்து வந்து விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் சேச்சியும் அவள் புருஷனும் வந்தார்கள். ஒரு தட்டில் அப்பம், அதன்மேல் ஓலைச் சிலுவை. ஒரு தூக்குப் பாத்திரத்தில் வெல்லம் போட்ட தேங்காய்ப்பால். எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறவர்கள் அன்று படியில் நின்றார்கள். நான் வாங்கிக்கொள்ள வேண்டும். மனைவி சுவரோரமாக நின்றாள். அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள், மீதி என்னுடையது.

தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். "உள்ள வாங்க" என்றேன்.

பாய் விரித்து உட்கார்ந்தோம். சேச்சியின் புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபம் நான் சொல்லட்டா சேட்டா? உங்களுக்குக் கஷ்டம்னா" என்றார். என் கூச்சம் அவருக்குத் தெரியும்.

"இல்ல. நான் சொல்றேன்."

சொன்னேன். வழக்கமான ஜெபம் முடிந்ததும், இறந்தவர்களுக்காகச் சொல்வதைச் சொன்னேன். அதில் பெயர் சொல்ல வேண்டிய இடம் ஒன்று வரும். என் அப்பா பெயர், அம்மா பெயர், மனைவியின் அப்பா பெயர், பிறகு என் மகனின் பெயர். சொல்லும்போது குரல் உடையவில்லை. சாக்கின் மேல் குறி எழுதுகிற மாதிரி வந்தது. சேச்சிதான் அழுதாள். என் மனைவி கண்களை மூடியிருந்தாள்.

அப்பத்தைப் பிட்டு வயதுப்படி கொடுத்தேன். கடைசித் துண்டு எப்போதும் அவனுக்கு. இந்த முறை கடைசி ஆள் என் மனைவி.

சாப்பிட்டு முடித்ததும் அவள் உள்ளே போய் ரொட்டியை அறுத்துக்கொண்டு வந்தாள். கருகிய பக்கத்தை நீக்கியிருந்தாள். சேச்சியின் புருஷன் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உப்பு இல்ல" என்றார்.

"அவரு பிசைஞ்சது" என்றாள் மனைவி.

"அதான பார்த்தேன்."

மனைவி தட்டுகளை அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, ஈஸ்டர் கழிந்து வருகிற செவ்வாய்க்கிழமை பூசைக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். காலைப் பூசையா மாலைப் பூசையா என்றேன். காலையில் என்றால் குடோன் ஆட்களுக்கு வர முடியாது, மாலையில் இருக்கட்டும் என்றாள். சரி என்றேன்.