சகலைக்கு முந்திப் பாருக்குப் போனேன்

ஜெகதாப்பட்டினத்தில் இருக்கிறோம். வளைகுடா வேலையை விட்டு வந்த என் சகலை, ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் படகு வாங்கினார். பார் என்று நாங்கள் சொல்லும் ஆழமில்லாத பாறைத் திட்டில் தூண்டில் போட்டு, பெரிய கலவா மீன்களாகக் கொண்டுவருவார். எங்களுக்கும் ஒன்று தருவார். என் மனைவி அவரைப் புகழ்ந்துகொண்டே அதை நறுக்குவாள். எனக்கு வயிறு எரியும். நானும் ஒரு கயாக் வாங்கினேன். அவரிடம் விவரம் கேட்க மட்டும் மனம் வரவில்லை.

ஒரு மார்கழிக் காலையில் அவருக்கு முன்பே போய், பாரில் நங்கூரம் போட்டேன். கயிற்றைப் படகின் நடுவில், கைக்கு எட்டிய விளிம்பில் கட்டினேன். வாடைக்காற்று வலுத்தது. நங்கூரம் பாறையில் சிக்கிக்கொள்ள, அலை பக்கவாட்டில் அடித்துப் படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. முடிச்சு இறுகிவிட்டதால் அவிழ்க்க முடியவில்லை. கத்தியும் இல்லை.

நல்லவேளையாகச் சகலை வந்து கயிற்றை அறுத்துவிட்டார்.

“நடுவுல கட்டுனா கவுத்திரும் சகலை, முன் நுனியில கட்டணும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிருவீங்க?” என்றார்.

அன்றும் கலவா அவருக்குத்தான் கிடைத்தது.

இப்போது முன் நுனியில்தான் கட்டுகிறேன், கத்தியும் எடுத்துப்போகிறேன். வயிற்றெரிச்சல் போகவில்லை. ஆனாலும் காற்று எப்படி, எங்கே நிற்கலாம் என்று அவரிடம் கேட்டுவிட்டே கிளம்புகிறேன். கேட்கும்போது அவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.