அடுக்களையிலிருந்து போன ஃபேன்

எங்கள் வீடு தச்சநல்லூரில் இருக்கிறது. நாங்கள் சைவம். முட்டைகூட எங்கள் வாசல்படி ஏறியதில்லை. அந்த வீட்டு ஹாலில் இப்போது இரண்டு கடல் மீன்கள் கண்ணாடித் தொட்டியில் வாழ்கின்றன. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாங்கி வைத்தது. ஆரஞ்சு நிறம், உடம்பில் வெள்ளைப் பட்டை. தூத்துக்குடியிலிருந்து அவருடைய சிநேகிதர் கேனில் கடல் தண்ணீர் பிடித்து பஸ்ஸில் போட்டுவிடுவார். எனக்கு ஒரு தேங்காய் மூட்டையைத் தூக்கித் தராதவர், அந்தக் கேனைத் தோளில் சுமந்து வருவார்.

“பெருசா இருக்குல்லா, அது பொம்பளை. சின்னது ஆம்பளை. அவ போற பக்கமெல்லாம் இது பின்னாலயே போவும், பாரு” என்று முதல் நாள் காட்டினார். பார்த்தேன். அன்றைக்கே அந்தப் பெரிய மீனை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

அடுத்த வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “எங்க வீட்டுக்கு மீன் வந்தா அன்னைக்கே கொழம்பாயிரும் மதினி. உங்க வீட்டுலதான் பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு கணக்கா ஒக்காந்து திங்குது.” நானும் சிரித்து வைத்தேன். எனக்குச் சட்டென்று பதில் பேச வராது.

சித்திரை பிறந்ததும் தொட்டித் தண்ணீர் சூடாக ஆரம்பித்தது. இருபத்தேழு டிகிரியைத் தாண்டக்கூடாதாம். ஒயர் நுனியைத் தண்ணீருக்குள் விட்டால் சின்னப் பெட்டியில் சூடு எவ்வளவு என்று எண் காட்டும். அவர் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் மேலே காற்று படுகிற மாதிரி சின்ன ஃபேன் ஒன்று வைத்தார். தண்ணீர் குளிர்ந்தது. ஆனால் அந்த ஈரமெல்லாம் ஹாலிலேயே நின்றது. சுவர் வியர்த்தது, ஜன்னல் கம்பி துருவேறியது. “ஈரக்காத்து வெளிய போவணும்” என்று நாலு பக்கமும் பார்த்தவர், நேரே அடுக்களைக்கு வந்தார். புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்த என் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிக் கொண்டுபோய் ஹாலில் மாட்டினார். அது இருந்த ஓட்டையில் அணில் நுழையாதபடிக்கு அட்டை வைத்து அடைத்தார்.

“உனக்கு வேற ஒண்ணு வாங்கிப் போடுதேன்” என்றார்.

அந்தக் கோடை போயிற்று. ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்தது. அடுத்த சித்திரையும் வந்தது. அட்டைதான் இருந்தது. வற்றல் வறுத்தால் இருமி இருமி நெஞ்சு வலிக்கும். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கேட்டுவிட வேண்டும் என்று ஹால் வரைக்கும் போவேன். அவர் குனிந்து, கண்ணாடியில் படிந்த உப்பைத் துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருப்பார். “காப்பி வேணுமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

அந்தச் சித்திரையில்தான் கோயம்புத்தூரில் அவர் தம்பியின் புது வீட்டுப் பால்காய்ப்பு. பச்சைப் பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்திருந்தேன். “ரெண்டு பேரும் போனா மீனை யாரு பாக்கது?” என்றார். புடவையை மறுபடி பீரோவில் வைத்தேன். அவர் மட்டும் போனார்.

போன இடத்திலிருந்து காலையும் மாலையும் போன் வந்தது. நான் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் கிடந்தபோதுகூட இத்தனை முறை விசாரித்தவர் இல்லை.

“ஏளா, சூடு எவ்ளோ?”

“இருபத்தேழு.”

“ஃபேன் ஓடுதா?”

“ஓடுது.”

“சரி, வச்சிருதேன்.”

மறுநாள் கரண்ட் போய்விட்டது. அவர் சொல்லியிருந்தபடி, ஃப்ரீசரில் உறைய வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஐஸ் உருக உருக மாற்றினேன். பெரிய மீன் பாட்டில் பக்கத்தில் போய் சொகுசாக நின்றது. என் கழுத்து வியர்வை தொட்டிக்குள் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

கரண்ட் வந்து தண்ணீர் சரியான பிறகு அடுப்பைப் பற்ற வைத்தேன். குழம்பு கொதித்தது. என்ன தோன்றியதோ, ஹாலுக்குப் போய் அந்த ஒயரையும் பெட்டியையும் எடுத்து வந்து அடுப்புக்கு மேலே அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. அந்நேரம் பார்த்து போன்.

“எவ்ளோ காட்டுது?”

“முப்பத்தெட்டு.”

“ஏளா, ஐஸ் போட்டியா இல்லையா? ரெண்டும் உசுரோட இருக்கா?” என்றார். குரல் நடுங்கியது. எனக்காக அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

“அதுக ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இத அடுப்புப் பக்கம் வச்சிருக்கேன்.”

“அத என்னத்துக்கு அங்கன கொண்டு போன?”

“நான் இங்கனதான நிக்கேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவர், “சரி, திரும்பத் தண்ணிக்குள்ள போட்டிரு. கழுவிட்டுப் போடு, எண்ணெய் பட்டிருக்கும்” என்று வைத்துவிட்டார்.

ஊரிலிருந்து வந்தார். குளித்துவிட்டு வெளியே போனவர், டவுணிலிருந்து புது எக்ஸாஸ்ட் ஃபேனோடும் எலக்ட்ரீசியனோடும் வந்தார். அட்டையைப் பிய்த்ததும் வெளிச்சம் அடுப்பு மேல் விழுந்தது. ஏணியில் நின்றவர் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, திடீர்னு அடுக்களைக்கு ஃபேனு?”

“அடுப்புச் சூடு ஹாலுக்கு வருதுல்லா. மீனுக்கு ஆவாது” என்றார் அவர். என் பக்கம் பார்க்கவில்லை.

வெளி ஆள் முன்னால் வெட்கப்பட்டு அப்படிச் சொன்னாரா, மெய்யாகவே மீனுக்காகத்தான் மாட்டினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. சாயங்காலம் நான் தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஒயர் பெட்டியோடு வந்து நின்றார். அடுப்பு பக்கத்தில் வைத்து எண் நிற்கும் வரை காத்திருந்தார்.

“முப்பத்திரண்டு” என்றார். “பரவால்ல, இல்லியா?”

“பரவால்ல” என்றேன்.

ஒயர் நுனியைக் கழுவித் துடைத்து, பெட்டியோடு ஹாலுக்கு எடுத்துப் போனார். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே காது கொடுத்துக் கேட்டேன். அங்கே அவர் தொட்டியிடம் பைய சொல்லிக்கொண்டிருந்தார், “இருபத்தாறு.” தொட்டிக்குள் இருப்பவளுக்கு இன்னும் என்னைவிட ஆறு குறைவு.