மச்சான் ஊற்றிய எண்ணெய்

என் மனைவியின் அண்ணனுக்கு எதையும் மொத்தமாக வாங்கினால்தான் நிம்மதி. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பருப்பு மூட்டை மூட்டையாக வரும், நெய் டின் டின்னாக வரும். ஒரு நாள் வேனுக்கு ஊற்றும் இன்ஜின் எண்ணெயும் பீப்பாயாக வந்து இறங்கியது.

"புது காருக்கு ஊத்தறது மாப்பிள. ஃபுல்லி சிந்தெட்டிக். தள்ளுபடியில அடிச்சிட்டேன்."

"நம்மது பழைய டீசல் வேனாச்சே, மச்சான்?"

"ஒசந்த எண்ணெய் லா. எதுல ஊத்தினா என்ன?"

அவரிடம் யார் பேசி ஜெயிப்பது? நான் அந்தக் கடையின் டெலிவரி டிரைவர். ஆனால் கடைப் பையன்களிலிருந்து காய்கறிக்காரர் வரை எல்லோருக்கும் 'மாப்பிள்ளை'தான். மற்ற ஆட்கள் சம்பளம் பற்றவில்லை என்று கத்திவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை எங்கே போவது? லீவு கேட்டால் அன்று இரவே மாமியார் போன் செய்து, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். சுவா சூ காங் அடுக்குமாடிகளில் அரிசி மூட்டையோடு லிஃப்டுக்குள் நிற்கும்போதெல்லாம், இந்தக் கதவு திறக்காமலே போனால் என்ன என்று எனக்குத் தோன்றும்.

என்னோடு ராணுவச் சேவை செய்த நண்பன் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ பிரிவில் சூப்பர்வைசர். "ஆள் எடுக்கறோம்டா, வந்துடு" என்றான். ஷிப்ட் வேலை, முதுகு ஒடியும். ஆனால் அங்கே எவனும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட மாட்டான். ஆசையோடு மனைவியிடம் சொன்னேன்.

"அண்ணன் மனசு நொந்துபோயிடும்ங்க. இந்த வேன் ஓடற வரைக்கும் இருங்க. அப்புறம் நானே அவர்கிட்ட பேசறேன்" என்றாள்.

ஆக, என் விடுதலை ஓர் இன்ஜினின் கையில் இருந்தது. அது என்னடாவென்றால், மச்சான் மாதிரியே அழுத்தமான ஜாதி.

பீப்பாய் எண்ணெய்க்கு மாறிய சில மாதங்களில் இன்ஜினிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் கிளம்பியது. உடனே மச்சானிடம் சொன்னேன். "ரேடியோவைச் சத்தமா வையி" என்றார். மறுபடி சொன்னேன். "வயசான வண்டி, முனகத்தான் செய்யும்" என்றார். கடைசியில் குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றேவிட்டது. இழுத்துக்கொண்டு போய் வொர்க்‌ஷாப்பில் விட்டோம்.

மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிக் காம்ஷாஃப்டைக் காட்டினார். நீளமான இரும்புத் தண்டு. அதில் வால்வுகளைத் தள்ளித் திறக்கிற மேடுகள் வரிசையாக இருக்க வேண்டும். பாதி மேடுகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடந்தன.

"என்ன எண்ணெய் ஊத்தினீங்க?" என்று கேட்டார். மச்சான் சொன்னார்.

"அது புது பெட்ரோல் காருக்குண்ணே. ரொம்ப லேசு. தேய்மானத்தைத் தடுக்கிற மருந்து அதுல கம்மி. இந்த மாதிரி பழைய டீசலுக்கு அதுக்குன்னே கெட்டி எண்ணெய் இருக்கு. இல்லன்னா இரும்பும் இரும்பும் நேரா உரசும். தேஞ்ச தூள் இன்ஜின் பூரா போயிருக்கு. வண்டியோட சிஓஇ பர்மிட் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஸ்கிராப்புக்குப் போடுங்க."

அடடா, என்ன வார்த்தை! மச்சானின் முகம் செத்துப்போயிருந்தது. நானும் துக்க வீட்டுக்கு வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஆட்டம் போட்டேன். வெளியே வந்ததும் நண்பனுக்கு, வருகிறேன் என்று மெசேஜ் அனுப்பினேன். மனைவியும் மறுப்பு சொல்லவில்லை. "அண்ணன் கொஞ்சம் தேறட்டும், சொல்லிடறேன்" என்றாள்.

அந்த வாரம் மச்சான் கடையில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். வாசலில் மாலை போட்ட புது வேன். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம்.

"நீ தலைபாடா அடிச்சிக்கிட்ட மாப்பிள. நான் கேக்கல. என் பிடிவாதத்தால உன் பொழப்பு போச்சேன்னு எனக்குத் தூக்கமே இல்ல" என்றார். நான் பார்த்து அவர் அழுதது அன்றுதான். "புது சிஓஇ, பத்து வருஷத்துக்குக் கவலையில்ல. கம்பெனியில உன் பேரையும் சேத்துட்டேன். இனிமே நீ டிரைவர் இல்ல, பார்ட்னர்."

மனைவியைப் பார்த்தேன். அவள் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான். சொல்லுடி, இப்போது சொல்லு என்று மனசு கதறியது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மனிதர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இப்படி அழுகிறவரை என்ன செய்வது?

"என்ன மாப்பிள, சந்தோஷந்தானே?"

"ரொம்ப சந்தோஷம், மச்சான்" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவே இல்லை.