மேலதிகாரி வீட்டுக் கோழியும் மேல்முறையீட்டு நீதிமன்றமும்

கிளேட்டன் ஹூப்பரைப் போல ஓர் அதிகாரியை வைத்துக்கொண்டு அரசாங்கம் எப்படித்தான் நடக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை. நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் மாட்டிறைச்சி ஆலையில் நாங்கள் அரசாங்கப் பரிசோதகர்கள். அவன் எங்களுக்கு மேலே. இறைச்சியில் அழுக்கு இருந்தால் அது நகர்ந்து வரும் உற்பத்தி வரிசையை நிறுத்துவது எங்கள் வேலை. நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று அவன் நினைத்திருந்தான்.

வெர்னா குச்சேரா எனக்குப் பக்கத்து இடத்தில் நின்றவள். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த குரல். கணவனைப் புதைத்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது எங்கள் அலுவலக வழக்கம். ஒரு வருடம் ஹூப்பரின் மனைவி கொண்டுவந்த கோழிக்குள் வெர்னா தன் பரிசோதனைத் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள்.

“உள்ள வேகவே இல்ல. யாரும் தொடாதீங்க,” என்றாள்.

ஹூப்பர் மூஞ்சியை அப்போது பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அவள் வரிசையை நிறுத்தியதைச் சாக்காக வைத்து, மேலதிகாரியின் சொல்லை மீறினாள் என்று குற்றம் சாட்டி வேலையைப் பறித்தான். முழு ஓய்வூதியத்துக்கு அவளுக்கு ஓராண்டுப் பணிதான் பாக்கி. அது கிடைக்காவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

அரசு ஊழியர்களின் முறையீட்டை விசாரிக்கும் வாரியத்தில் அவள் முறையிட்டாள். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்த ஹூப்பரிடம், எதையெல்லாம் யோசித்து முடிவெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மகாராசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

“எம் பொண்டாட்டி சமைச்சதுலயே கம்பியக் குத்துனவ மேலதிகாரிய எங்க மதிப்பா? அதையும் யோசிச்சுத்தான் தூக்குனேன்.”

அதைக் கேட்டும் வேலைநீக்கம் செல்லும் என்று வாரியம் சொல்லிவிட்டது. காதிருந்தும் செவிடர்கள்! வெர்னா வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனாள். அரசாங்க வக்கீல்கள் அவகாசம் கேட்டார்கள், மறுபடியும் கேட்டார்கள். அவள் மளிகைக் கடையில் சாமான் கட்டிக் கொடுத்துக் காலம் தள்ளினாள். “சீக்கிரமே அலுத்துப்போய் விட்டுருவா பாரு,” என்று ஹூப்பர் எங்களிடம் சிரித்தான்.

கடைசியில் மூன்று நீதிபதிகள் முன்னால் வழக்கு வந்தது. நான் துணைக்குப் போயிருந்தேன். நடுவில் இருந்த அம்மாள் அரசாங்க வக்கீலிடம் கேட்டார்:

“இந்தக் கோழி விஷயத்தையும் யோசிக்கப் போறோம்னு அவங்ககிட்ட முன்னாடியே சொன்னீங்களா?”

“இல்லீங்க. அது சின்ன விஷயம்...”

“சின்ன விஷயத்தை உங்க அதிகாரி எதுக்கு யோசிச்சாரு? சொல்லாத குத்தத்துக்கு அவங்க எப்படிப் பதில் சொல்லுவாங்க?”

வக்கீல் தண்ணீர் குடித்தார்.

வேலைநீக்கம் செல்லாது, இடையில் போன காலமும் பணிக்காலமே என்று தீர்ப்பு வந்தது. வேண்டுமானால் முறைப்படி முதலிலிருந்து தொடங்கலாம் என்றும் சொன்னார்கள். ஹூப்பருக்கு அது போதும். வெர்னா திரும்பி வந்த காலையிலேயே, கோழியையும் சேர்த்து எழுதிய புதுக் குற்றச்சாட்டை நீட்டினான்.

அவள் தன் ஓய்வு விண்ணப்பத்தை அதன்மேல் வைத்தாள். “உங்க வக்கீலுங்க இழுத்த இழுப்புல என் ஓராண்டு முடிஞ்சுபோச்சு சார். அவங்களுக்கு என் நன்றியச் சொல்லிருங்க.”

பிரிவு விருந்துக்கு வழக்கப்படி எல்லோரும் சமைத்து வந்தோம். ஹூப்பரின் மனைவி அதே கோழியைக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடி துடைக்கத் துணி எடுப்பதற்காக வெர்னா கைப்பையைத் திறந்தாள். ஹூப்பர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் ஓடினான்.